மஞ்சள் விளக்கு அணைந்த பிறகு

என் கார் டேஷ்போர்டில் கம்பிச் சுருள் போல ஒரு சின்ன மஞ்சள் விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். சில நொடிகளில் அணையும். டீசல் என்ஜின் உள்ளே சூடேறிவிட்டது, இனி ஸ்டார்ட் செய்யலாம் என்று அதற்குப் பொருள். எல்லாரும் அதை நம்புகிறார்கள். எனக்கு மட்டும் அது அணையும்போதெல்லாம் பயம் வரும். இன்று காலையும் வந்தது. அந்தப் பயம் பல வருஷங்களுக்கு முன் என் மதினியின், அதாவது அண்ணன் மனைவியின், வேனில் தொடங்கியது.

அண்ணன் ராணுவத்தில் இருந்தான். அவன் வாங்கிப்போட்ட பழைய டீசல் வேனை மதினிதான் ஓட்டினாள். பண்பொழியிலிருந்து குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சவாரி. சாரல் காலத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்கள் வண்டியைத் தெருச் சரிவில், முகம் கீழே பார்க்கத்தான் நிறுத்துவார்கள். காலை ஈரத்தில் என்ஜின் முரண்டு பிடித்தால் உருட்டிவிட்டே கிளப்பிவிடலாம். மதினியும் அப்படித்தான் செய்வாள். அன்றைக்கு மட்டும் சரிவில் யாரோ வீடு கட்ட ஜல்லி கொட்டியிருந்ததால், வேன் எங்கள் வாசல் சேற்றில் நின்றது.

விடியற்காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பனியன் வியர்வையில் ஒட்டியிருந்தது. "ஒண்ணுமில்லட்டி, வாயுதான்" என்றார். உதடு வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸ் கடையம் பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். நானும் மதினியும் அவரைத் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றினோம். மதினி சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் டிரைவர்தான்; அவர் வண்டி அப்போது ஒர்க்ஷாப்பில் கிடந்தது. குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "லைட்டு எரிஞ்சு அணையுதுல்லா? அப்பம் என்ஜினச் சூடாக்குற ஹீட்டர் பிளக்கு நல்லாத்தான் இருக்கு. டீசல்ல தண்ணி எறங்கிருக்கும்" என்றார். மதினியும் அதை நம்பி பில்டரைத் திறந்து வடித்தாள். வந்தது சுத்தமான டீசல். நேரம்தான் போனது. பின்சீட்டில் அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார்.

மதினி சீட்டுக்கடியிலிருந்து, வயர் கட்டிய ஒரு பல்பை எடுத்தாள்.

"ஏட்டி, சாவியப் பாதி மட்டும் திருப்பு. ஸ்டார்ட் பண்ணிராத. பேட்டரி போச்சுன்னா எல்லாம் போச்சு."

ஒரு வயரை என்ஜின் இரும்பில் மாட்டி, மறுமுனையை ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் தகட்டில் தொட்டாள். பல்பு எரியவில்லை. பிளக்குகளுக்குக் கரண்டே போகவில்லை. அங்கிருந்து பின்னோக்கிப் போனாள். பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேவுக்கு உள்ளே போகும் வயரில் பல்பு எரிந்தது. வெளியே வரும் வயரில் எரியவில்லை.

"ரிலே செத்துட்டு அண்ணாச்சி. இந்த லைட்டு சும்மா நேரத்த வச்சு அணையுது. பிளக்கு சூடாச்சான்னு அதுக்குத் தெரியாது."

சொல்லிக்கொண்டே சீட்டுக்கடியில் மறுபடி கைவிட்டுத் துழாவினாள்.

பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயரை நேராக அந்தத் தகட்டுக்கு இழுத்து, துணி சுற்றிய கையால் அழுத்திப் பிடித்தாள். பொறி பறந்தது. பிளக்குகள் கரண்டை இழுக்கின்றன என்று அதற்கு அர்த்தமாம். சாரலில் நனைந்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பேட்டரியில் இன்னும் ஒரு முயற்சிக்குத்தான் தெம்பு என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் சாவியைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பம் போடு!"

என்ஜின் இருமியது, வெள்ளைப் புகை தள்ளியது. நின்றுவிடப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிடித்துக்கொண்டது.

அப்பா பிழைத்தார். தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினி தன் உள்ளங்கையின் தீக்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ராத்திரியே மாமா நெஞ்சத் தடவிக்கிட்டு இருந்தாவ. கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னாவ. நான் நம்பிப் போய்ப் படுத்துட்டம்ட்டி."

இன்று காலை இலத்தூரில் என் வீட்டுக்கு மதினியின் போன் வந்தது. சும்மாதான் கூப்பிட்டதாகச் சொன்னாள். மூச்சு வாங்கியது. என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லட்டி, வாயுதான்" என்றாள். போனை வைக்காமலே காரில் போய் ஏறினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது. கார் உடனே கிளம்பிவிட்டது.

அதே வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மதினியை நான்தான் காரில் ஏற்றி வந்தேன்; உள்ளே இருக்கிறாள். இப்போதுதான் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.