சொல்யூஷன்காரர் கட்டிய கயாக்

என் வீட்டுக்காரர் முஸம்மிலைப் போல ஒரு பிடிவாதக்காரரை ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில் அடிப்பாகத்துக்கு சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டுகிற வேலை. மூச்சு அடைக்கிறது என்று போய் நின்றால் சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ், நெஞ்சுக்கு இதுதான் மருந்து என்று ஒரு துண்டு வெல்லம் கொடுப்பான். முகமூடி கேட்டால், அதைப் போட்டால் கை மெதுவாகிறது என்பான். நாசமாய்ப் போக! நெஞ்சு கெட்ட பிறகு இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எந்தப் பசையின் பக்கமும் போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் பெங்களூரில் இருக்கும் என் தம்பி நவீத் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து தள்ளினான். கயாக்காம். ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்பு போடும் ஒல்லியான மரப்படகு. அறுத்துத் துளை போட்ட பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, பசையால் ஒட்டி நாமே செய்துகொள்ள வேண்டும். வாங்கும்போது இருந்த ஆசை அவனுக்குப் பிரிக்கும்போது இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினேன்.

“அந்தப் பசை டப்பாவத் தொட்டீங்கன்னா, தூக்கிப் பாலாத்துல வீசிடுவேன்” என்றேன்.

தண்ணீர் இருந்தால் வீசு, பின்னாலேயே படகில் வருகிறேன் என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: “லைன்ல எத்தினி ஷூ போச்சு. ஒண்ணாவது முழுசா நான் செஞ்சதுன்னு இருக்கா? இதாவது முழுசா என் கையால வரட்டும், பில்கிஸ்.”

கூடத்தில் பாயைச் சுருட்டி இடம் விட்டேன்.

நான் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்துப் பசையைக் கலக்கியிருக்கிறார். பலகை முனைகள் இரண்டிலும் தடவி, ஃபேனைப் போட்டுவிட்டுக் காயட்டும் என்று காத்திருந்தாராம். ஷூவுக்கு அப்படித்தான்; இரண்டு பக்கமும் தடவி, காய்ந்த பிறகு அழுத்த வேண்டும். இந்தப் பசையையோ ஈரத்திலேயே சேர்க்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் படமே போட்டிருக்கிறது. பசையைப் பற்றி இவருக்கு யார் சொல்லித் தருவது? புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நான் வந்தபோது பசை கல்லாக இறுகி, பிரஷ் கிண்ணத்திலேயே நட்டுக்கொண்டு நின்றது. இவர் சுவரில் சாய்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

“இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? வெளிய போய் உக்காருங்க. இனிமே ஒட்டுறது நான்.”

“அப்ப அது என்னுது இல்ல.”

“இல்லாட்டிப் போவட்டும். எனக்கு நீங்க வேணும்.”

கம்பி தைக்கிற வேலையை மட்டும் அவருக்கு விட்டேன். இறுகிய பசையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும், நவீத் அனுப்பிய புது டப்பாவைக் கலந்து ஒட்டியதும் முகமூடி கட்டிய நான்தான். படகு முடிகிற வரைக்கும் என்னோடு அவர் சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, மூச்சு விட்டால் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

நவீத்தும் பெங்களூரிலிருந்து வந்து சேர, படகைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி ஆலங்காயம் பக்கத்து ஏரிக்குப் போனோம். படகு மிதந்தது. அவர் ஏறித் துடுப்பு போட்டார். கொஞ்ச தூரம்தான். துடுப்பை மடியில் போட்டுக் குனிந்துவிட்டார். நவீத் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்து வந்தான். மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் பேச்சு, “நீ ஏறு. நீ ஒட்டினது ஒரு சொட்டு ஒழுகல.”

மாட்டேன் என்றேன். விடவில்லை. புர்காவைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். இருந்த கோபத்தில் நான் துடுப்பை அடித்த அடிக்குப் படகு எப்படியோ நடு ஏரிக்கே போய்விட்டது. அங்கே ஆள் இல்லை. கம்பெனிக்காரர்களை ஆசை தீரத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். தண்ணீர் மேல் சத்தம் எவ்வளவு தூரம் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. கரையில் அவர் இருமுவது என் தோள் பக்கத்தில் கேட்டது. கையில் துடுப்பு மட்டும் இல்லாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன்.