காயப்போட்டால் குற்றம்

வெளிநாட்டுக்குப் பார்சல் கட்டிக் கொடுக்கும் தொழிலில் நீங்கள் எப்போதாவது மாட்டியிருக்கிறீர்களா? மாட்டியிருந்தால் உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, தலையை ஆட்டிக்கொண்டு வாசித்தால் போதும். மாட்டாதவர்களுக்குத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணம் கோப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில் வெயில் காலம் முழுக்கக் கால் வைக்க இடம் இராது. ஓலைப்பாயில் பாவற்காய், சாக்கில் மோர்மிளகாய், சுளகில் வேப்பம்பூ வடகம், கிணற்றுக்கட்டில் பனங்கிழங்கைப் பிளந்த ஒடியல். காகத்துக்கும் என் இரண்டு வயது மகளுக்கும் எட்டாமல் தப்புகிறது எதுவோ அதுதான் கடைசியில் பையில் ஏறும்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற தாய் தகப்பன்தான் என் வாடிக்கைக்காரர். நான் காயவைத்து, பொலித்தீன் பையில் போட்டு, வாயை விளக்குச் சுவாலையில் பிடித்து ஒட்டிக் கொடுப்பேன். கொழும்புக்குப் போகிற யாராவது ஒருவருடைய பொதியில் ஏறி, சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடக்கிறபடியால் கிளாலியில் வள்ளத்தில் கடல் கடந்து, கொழும்பிலிருந்து தபாலில் போகும். போய்ச் சேருமா என்று என்னைக் கேட்கக்கூடாது. வழியில் பூஞ்சணம் பிடிக்காது என்பதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு. இந்தத் தொழிலில் ஐரோப்பாச் சட்டம் படிக்கவேண்டி வரும் என்று யார் கண்டது?

சைக்கிள் சுற்றினால் மகன் கதைப்பான்

மகேஸ்வரி மாமி எங்களுக்கு அடுத்த வளவு. புருஷன் இல்லை. ஒரே மகன் ரவி ஹொலண்டில் அகதியாய்ப் பதிந்துவிட்டு, இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று முடிவுக்காகக் காத்திருக்கிறான். எழுதப் பஞ்சி பிடித்த சோம்பேறி. கசெற்றில் கதைத்து அனுப்புவான். இங்கே கரண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. ஆனபடியால் மாமி கசெற்றைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவா. இவர், அதாவது என்ரை மனுசன், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து கசெற் போடுகிற ரேடியோவுக்கு வயர் போகும். வேகமாகச் சுற்றினால் ரவி பாலர் வகுப்புப் பிள்ளையின் குரலில் கதைப்பான். இவருக்குக் கை சோர்ந்தால் அதே ரவி கிணற்றுக்குள் இருந்து உறுமுவான்.

அன்றைக்கு ரவி சுகம் விசாரித்தான், பார்சல் வந்தது என்றான், பாவற்காய் வத்தல் நல்லாயிருந்தது என்றான். நான் பெருமையாய் நிமிர்ந்து இருந்தேன். பிறகு, "அம்மா, பயப்பிடாதையுங்கோ, என்னைப் பொலிசிலை பிடிச்சவங்கள்" என்றான். இவர் திகைத்துப் பெடலை விட்டுவிட்டார். ரவியின் குரல் இழுபட்டு இழுபட்டு நின்றுபோயிற்று. மாமி எழும்பிக் கத்தினா:

"ஐயோ தம்பி, கையை விடாதை! என்ரை பிள்ளையைப் பொலிசிலை விட்டிட்டே பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

காளான் மாலை

மிச்சத்தையும் கேட்டோம். ரவி பின்னேரங்களில் ஒரு கடையைக் கூட்டித் துடைத்துக் கொடுக்கிறான். அங்கே காளான் விற்கிறார்கள். கறிக்காளான் இல்லையாம். தின்றால் சுவர் மூச்சு விடுமாம், நிறங்களில் சத்தம் கேட்குமாம், மேசை சிரிக்குமாம். "அதை ஏன் தின்னுவான்?" என்று மாமி கேட்டா. ரேடியோவுக்கு எங்கே காது கேட்கிறது? அது தன்பாட்டில் கதைத்துக்கொண்டு போயிற்று. பெட்டியில் அடுக்கி, விலை ஒட்டி, கண்ணாடிக்குள் வைத்து வெளிச்சமாகத்தான் விற்கிறார்களாம். பொலிஸ்காரரும் அந்தக் கடையைத் தாண்டித்தான் நடந்து போவார்களாம்.

ஒரு நாள் முதலாளி விற்காமல் மிஞ்சினதைக் குப்பையில் போடச் சொன்னான். எங்கள் பிள்ளைக்கு எறிய மனம் வருமா? அறைக்குக் கொண்டுபோய், ஊசி நூலில் மாலை மாதிரிக் கோத்து, சூடு வருகிற இரும்புக் குழாய்க்கு மேலே தொங்கவிட்டிருக்கிறான். காய்ந்த பிறகு முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவான் என்று நினைப்பு. அறையில் கூட இருந்தவன் மணம் தாங்காமல் முறைப்பாடு செய்ய, பொலிஸ் வந்து மாலையையும் இவனையும் கொண்டுபோய், வழக்குப் பதிந்துவிட்டு இவனை மட்டும் வெளியே விட்டிருக்கிறது. அந்த நாட்டுச் சட்டத்தில் காளானுக்குத் தடை இல்லையாம். காளானுக்குள் இருக்கிற சத்துக்குத்தான் தடையாம். பச்சையாய் இருக்குமட்டும் அது காளான். காய்ந்துவிட்டால் அது போதைமருந்து, காயவைத்தவன் போதைமருந்து செய்தவன்.

நான் மெல்ல முற்றத்தைப் பார்த்தேன். பாயெல்லாம் நிறைந்து கிடந்தது. இவர் கையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இஞ்சாரப்பா, நீ அங்கை பிறந்திருந்தால் உனக்கு ஆயுள் தண்டனைதான்."

கருப்பநீர் நியாயம்

இனி யாரைக் கேட்பது? எங்கள் ஒழுங்கை முகப்பில் தம்பையா அண்ணை இருக்கிறார். கோட்டில் வழக்கு எழுதுகிற கிளாக்கராக இருந்து ஓய்வு எடுத்தவர். கசெற்றில் கேட்டதை மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "இது லேசான விஷயமல்லோ," என்றார். மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பனையிலை கட்டிற முட்டிக்குள்ளை சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது கருப்பநீர். பச்சைப்பிள்ளைக்கும் பருக்கலாம். தடவாமல் இறக்கினால் கள்ளு. கள்ளுக்குச் சட்டம் இருக்கு. மரம் ஒண்டு, பாளை ஒண்டு, சட்டம் வேறை. விளங்குதோ?"

"விளங்குது அண்ணை," என்றேன். உண்மையிலேயே அந்த நேரம் விளங்கினது.

இவர் சும்மா இருக்கமாட்டார். "இல்லை அண்ணை, கள்ளு வெறிக்கும், கருப்பநீர் வெறிக்காது. அதாலை சட்டம் வேறை. அங்கை பச்சைக் காளானும் வெறிக்குமாம், காய்ஞ்சதும் வெறிக்குமாம். பிறகென்னத்துக்குப் பச்சையை விட்டவங்கள்?"

தம்பையா அண்ணை கண்ணைத் திறந்தார். "பச்சை கெதியாய் அழுகிப்போம். காய்ஞ்சதைச் சேத்து வைக்கலாம். அதாலை..."

"அப்ப அழுகவிட்டவன் நல்லவன், அழுகாமல் காப்பாத்தினவன் கள்ளனோ?" என்று நான் கேட்டுவிட்டேன். என்னுடைய தொழிலே அதுதானே, வாய் முந்திவிட்டது.

மாமிக்கு அதொன்றும் வேண்டாம். அவவுக்கு ஒரே ஒரு கேள்விதான்: இந்த வழக்கைச் சாட்டி அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ? அண்ணை சால்வையை எடுத்து இந்தத் தோளில் போட்டார், பிறகு அந்தத் தோளில் போட்டார்.

"பிள்ளையள், நான் கோட்டிலை எழுதினது மட்டும்தான், விளங்கினது நீதவானுக்கு."

முருங்கைக்காய் ஐயா

கதை எங்கள் ஒழுங்கையோடு நின்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கிணற்றடி, சங்கக்கடை, கோயில் வீதி எல்லாம் சுற்றி, பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ச் சேருகிறபோது, வெளிநாட்டில் வத்தல் தின்றால் மறியலில் அடைப்பார்கள் என்று ஆகிவிட்டது. சொல்லிவைத்த மோர்மிளகாயை ஒருத்தரும் எடுக்க வரவில்லை. ஒரு மனுசி வந்து, போன மாதம் மகனுக்கு அனுப்பின வடகத்தைத் திருப்பி எடுக்க வழியுண்டா என்று கேட்டுவிட்டுப் போனா. அது அந்நேரம் எந்தக் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்ததோ!

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு ஐயா. மகள் ஜேர்மனியில். ஒவ்வொரு முறையும் சீலாக் கருவாடுதான் கொண்டுவந்து கட்டுவிப்பார். இந்த முறை சைக்கிள் கரியரில் ஒரு கட்டுப் பச்சை முருங்கைக்காய்! நான் திகைத்துப்போனேன். ஐயா, இது கிளாலி தாண்ட முதலே வாடிவிடும், கொழும்பில் அழுகிவிடும், ஜேர்மனியில் இறங்குகிறபோது தண்ணியாய்த்தான் இறங்கும் என்று எண்ணி எண்ணிச் சொன்னேன். ஹொலண்ட் வேறு, ஜேர்மனி வேறு என்றும் சொன்னேன். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முருங்கைக்காயை என் கையில் வைத்தார்.

"அழுகினால் அழுகட்டும் பிள்ளை, என்ரை மேளுக்கு வழக்கு வராது."

சாட்சிப் பார்சல்

அடுத்த கசெற் வந்தது. ரவி வெளியேதான் இருக்கிறான், ஆனால் விசாரணை முடியவில்லை. அவனுக்கு ஒரு பெண் சட்டத்தரணியைக் கொடுத்திருக்கிறார்களாம். குற்றவாளி என்று எழுதினால் அகதி வழக்கும் படுத்துவிடும், பிறகு பிளேனில் ஏற்றத்தான் பார்ப்பார்கள் என்று அவ சொல்லியிருக்கிறா. அவன் விற்கிறதுக்குத்தான் காயவைத்தான் என்பது பொலிசின் கட்சி. அது ஊர்ப் பழக்கம் என்று காட்ட ஏதாவது வேண்டும். வீட்டில் காயவைக்கிற சாமான் கொஞ்சமும், தாயின் வாய்ச்சொல்லும் அனுப்புங்கோ என்றான்.

காயவைத்ததற்காகப் பிடிபட்டவனை மீட்க, பிடித்த ஊருக்கே காயவைத்ததை அனுப்புவதா? இவருக்கும் எனக்கும் அதில் பெரிய வாக்குவாதம். கடைசியில் நான் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கைப்பிடி கட்டினேன். பாவற்காயைக் கூட வைத்தேன், அது ரவிக்குப் பிடிக்கும் என்று. பிறகு இவர் பெடலைச் சுற்ற, மாமி ரேடியோவுக்கு முன்னால் சப்பாணி கொட்டி இருந்து, அதைக் கும்பிட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கினா.

"ஐயாமாரே, எங்கடை வீட்டிலை மிஞ்சினதை எறியிறேல்லை. இவன்ரை தேப்பன் செத்த வருஷம் மாரி முழுக்க நாங்கள் வத்தலும் ஒடியல் கூழும்தான். அதைக் கண்டு வளந்த பிள்ளை. எறியச் சொன்னால் அவனுக்குக் கை வராது. உங்கடை ஊரிலை எது பிழை எண்டு எனக்குத் தெரியாது. அவனை நீங்களே வைச்சிருங்கோ. இஞ்சை அனுப்பிப்போடாதையுங்கோ."

இவர் களைத்தும் நிறுத்தவில்லை. நான்தான் பொத்தானை அமத்தினேன். மகள் மாமியின் மடியில் ஏறிக் கண்ணைத் துடைக்கப் பார்த்தாள். மாமி அவளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"பெத்த பிள்ளையை வரவிடாதையுங்கோ எண்டு கேக்கிற தாய் நான் ஒருத்தியாய்த்தான் இருப்பன், என்ன பிள்ளை?"

கசப்பு மட்டும்

பிறகு ஒன்றும் வரவில்லை. மாமி ஒவ்வொரு நாளும் வேலி ஓட்டைப் பொட்டால் எட்டிப் பார்த்து, "கொழும்பாலை ஆரும் வந்தவையோ?" என்பா. மாரி தொடங்கி, பாய்களைச் சுருட்டி வைத்த பிறகுதான் கசெற் வந்தது. இவர் பெடலைப் பிடித்தார். இந்த முறை என்ன கேட்டாலும் விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வழக்கைக் கைவிட்டாச்சு! பார்சலைத் திறந்த அதிகாரிக்கு எல்லாவற்றிலும் பாவற்காய் வத்தலில்தான் சந்தேகம் விழுந்ததாம். வட்டமாய், கறுத்து, சுருங்கி, விதைக்கண்ணோடு இருந்ததைக் கண்டு, இதுதான் பெரிய போதை என்று சோதனைச்சாலைக்கு அனுப்பியிருக்கிறான். மாமியின் குரலும் அங்கே தொடக்கத்தில் கிழவியாகவும் முடிவில் குழந்தையாகவும் கேட்டதாம். இவரின் கை செய்த வேலை. சட்டத்தரணி ரவியைக் கூப்பிட்டுக் கேட்டாவாம்: "உனக்கு ஒரு அம்மாவா, இரண்டு அம்மாவா?" சோதனைச்சாலையிலிருந்து வந்த பதிலையும் அவதான் வாசித்துச் சொன்னாவாம்:

"மயக்கம் ஒன்றும் இல்லை, கசப்பு மட்டும்."

ஏன் விட்டார்கள் என்று ரவிக்கே தெளிவில்லை. காயவைத்தது சரி என்று ஒருத்தரும் சொல்லவில்லையாம். பிழைதானாம், ஆனால் கொஞ்சமாம், தெரியாமல் செய்ததாம், அதனால் பேசாமல் விடுகிறார்களாம். அந்தக் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறதாம். அவனுக்கு அங்கே இருக்க இப்போதைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த வரியை மட்டும் மாமி மூன்று தரம் சுற்றிக் கேட்டா. பிறகு, "அப்ப அது குற்றமோ, இல்லையோ?" என்றா. நான் பதிலுக்கு வெறுங்கசெற் ஒன்றைப் போட, இவர் திரும்பப் பெடலைப் பிடித்தார்.

பச்சையை விற்றவன் கடை நடத்த, மிச்சத்தைக் காப்பாற்றினவன் மறியலுக்குப் போய், பாவற்காய் குற்றமற்றது என்று தீர்ப்பான அந்த நாட்டுச் சட்டத்தில் எனக்கு விளங்கினது எவ்வளவோ, அவ்வளவுதான் பதில் கசெற்றில் மாமி மகனிடம் கேட்டுக்கொண்டதிலும் இருந்தது:

"தம்பி ரவி, உன்ரை தோய்ச்ச உடுப்பைக்கூட அங்கை ஆரையும் கேட்டிட்டுக் காயப்போடு ராசா."