தாடையைப் பிடித்தால் அம்மா

எங்கள் ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஆவூர்ப் பக்கம் ஒரு வேதக்கார ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருடமே கிணற்றடிச் சண்டையில் மூன்று பெண்களை ஒரே மூச்சில் வாயடைத்தவள் நான். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் வேறு. மாதா கோயிலில் செபம் சொல்லத் தொடங்கினால் என் குரல்தான் முன்னால் போகும். அப்படிப்பட்டவளுக்குக் காது கேட்காத பிள்ளை பிறந்தான்.

மூன்று வயதில்தான் உறுதியாகத் தெரிந்தது. திருவிழாவில் சப்பரம் கிளம்பும்போது அதிர்வேட்டுப் போட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீரிட்டு அழுதன. என் மகன் என் இடுப்பில் உட்கார்ந்து வெல்லக்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் மணியடித்துப் பார்த்துவிட்டு, பிறவியிலேயே இப்படித்தான், மருந்து கிடையாது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசவே இல்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

மருந்து இல்லாவிட்டால் என்ன, என் வாய் இருக்கிறதே என்று நினைத்தேன். தினமும் காலையில் அவனை எதிரே உட்காரவைப்பேன். தாடையை இறுக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்க்க வைப்பேன். "அம்மா சொல்லு. அம்... மா." அவன் என் உதட்டைப் பார்ப்பான். பிறகு கண் வாசலில் மேய்கிற கோழியிடம் ஓடிவிடும். இன்னும் இறுக்குவேன். அழுவான். பேச்சு என்றால் அது வாயில்தான் இருக்கிறது, பிடித்து உலுக்கினால் விழுந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

எங்களோடு என் நாத்தனாரும் இருந்தாள். வீட்டுக்காரருக்குக் கடைசித் தங்கை, தாய் தகப்பன் இல்லாதவள், அப்போது பதினாறு வயது. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் வரும், அதுவும் பாதி உள்ளேயே நின்றுவிடும். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அவள்தான் என் பிள்ளையைப் பேசவைத்தாள். கையால்.

எப்போது தொடங்கியது என்று தெரியாது. நான் கவனித்தபோது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாஷையே ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால் கடலை. மேலுதட்டின் மேல் விரலை முறுக்கினால் அப்பா. மூக்கின் ஓரத்தைத் தொட்டால் அத்தை. அவள் மூக்குத்தி போட்டிருந்தாள். உள்ளங்கையால் காற்றைத் துடைத்துவிட்டால் இல்லை. முதலில் ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் அவன் காலையில் நடந்ததைச் சாயங்காலம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாய் துரத்தியது, அப்பா கம்பை எடுத்தார், நாய் ஓடியது. மூன்றும் வரிசையாக வந்தன. இந்தப் பயலா பேசுகிறான்? பெற்றவள் நான் இங்கே இருக்க, யாரிடமோ பேசுகிறானே!

கடலை ஆய்கிற காலத்தில் பெண்கள் எல்லாரும் களத்தில் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் பறிப்போம். வட்டம் முழுக்க என் பேச்சுதான் ஓடும். அங்கிட்டு ஓரத்தில் என் மகனும் நாத்தனாரும் உட்கார்ந்து கை பேசுவார்கள். நடுநடுவே அவன் என்னைப் பார்ப்பான், கையை அசைப்பான், இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"என்னடி சிரிப்பு? என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா பல்லக் காட்டுறீக ரெண்டு பேரும்?"

அவள் தலையைக் குனிந்துகொள்வாள். நான் கையில் இருக்கும் செடியைப் பிய்த்து எறிவேன்.

இன்னொரு நாள் மகன் துடித்து அழுதான். வயிறா, பல்லா, முள்ளா, ஒன்றும் தெரியவில்லை. சுக்கு அரைத்துப் போட்டேன், வாயைத் திறந்து பார்த்தேன், காலைத் தடவினேன். என் கையை உதறினான். நாத்தனார் குடத்தோடு வந்தவள், குடத்தை இறக்காமலே இரண்டு முறை கையை அசைத்துக் கேட்டாள். அவன் பதில் சொன்னான்.

"காதுக்குள்ள பூச்சி போயிருக்காம் அண்ணி. ஓடுதாம்."

கேட்காத காதில் வலி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் ஊற்றினாள். சின்ன வண்டு ஒன்று செத்து வந்தது. மகன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனான். அன்றைக்கு அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். "ஒளுங்காப் பாத்துக்கிட்டிருந்தா பூச்சி எப்புடி போகும்?" என்று கத்தினேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஏண்டி, என்னைய எப்புடிச் சொல்றான்?"

அவள் தயங்கினாள். பிறகு தன் தாடையை விரலால் இறுக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"நீ சொல்லிக் குடுத்ததா இது?"

"இல்ல அண்ணி, சத்தியமா. அவனா வச்சது."

அவளுக்கு மூக்குத்தி, எனக்கு இந்தப் பிடி! நான் விடுவேனா? பத்து நாள் அவன் முன்னால் உட்கார்ந்து என் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைத் தொட்டுத் தொட்டு என்னைக் காட்டினேன். நன்றாகக் கற்றுக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பீடத்தில் இருந்த மாதா சொரூபத்தைக் காட்டி, கழுத்தைத் தொட்டுச் சிரித்தான். நான் செய்த பேரை மாதாவுக்குக் கொடுத்துவிட்டான். எனக்குப் பழைய தாடைதான்.

அந்த வருடம் நாத்தனாருக்கு இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ஒன்று பக்கத்து ஊர், கூப்பிடு தூரம், சொந்தக் கிணறும் நிலமும் உள்ள வீடு. இன்னொன்று மணமேல்குடிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்காரருக்குப் பக்கத்து ஊரில்தான் மனம். நான் விடவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றேன். அந்தப் பையன் நடை சரியில்லை என்றேன். வாத்தியார் மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றேன். இருபது நாள் விடாமல் பேசினேன். என் வாய்க்கு முன்னால் அந்த மனிதர் எத்தனை நாள் நிற்பார்? அவளை யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, "பய தேடுவானே அண்ணி" என்றாள். "அத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் முடிந்தது. அது உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸுக்குப் பின்னால் கரி எரிகிற ஓர் உருளை இருக்கும். கிளம்புமுன் அதன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதிவிடுவார்கள். அந்த ஆள் சுற்றிக்கொண்டிருந்தபோது மகன் அத்தையின் சேலையை விடாமல் பிடித்திருந்தான். நான்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நான்தான் அவளை, "ஏறுடி, நேரமாச்சு" என்று முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டேன். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனிமேல் என்னிடம் பேசுவான் என்று நினைத்தேன். அவன் யாரிடமும் பேசவில்லை. சில நாள் தெருவுக்குப் போய் மூக்கோரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றான். பிறகு அதுவும் நின்றது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் அவன் ஊமையானான். இரண்டே பேர் பேசிய பாஷை அது. அதில் ஒருத்தியை நான் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தேன். மிச்சமிருந்த ஒருவன் யாரிடம் பேசுவான்?

ஒரு நாள் சோற்றைத் தொடாமல் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. எதிரே போய் உட்கார்ந்தேன். தாடையைப் பிடிக்கவில்லை. என் மூக்கோரத்தைத் தொட்டேன். அவன் நிமிர்ந்தான். அவன் பாஷையில் நான் பேசிய முதல் வார்த்தை அவளுடைய பேர். அதற்கும் எனக்கு எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவன் கை எழுந்தது.

அதன் பிறகு நான் அவனிடம் படித்தேன். என்னுடைய அவசரத்துக்கு அவன் சிரித்தான். தப்பாகச் சொன்னால் என் விரலைப் பிடித்து மடக்கித் திருத்தினான். புதிது புதிதாக நாங்கள் வார்த்தைகள் உண்டாக்கினோம். அத்தைக்குத் தெரியாத வார்த்தை ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டேன்.

நாத்தனாரிடமிருந்து கடிதம் வரும். பையன் எப்படி இருக்கிறான், என்னைக் கேட்கிறானா, வந்து பார்க்கலாமா என்று எழுதுவாள். வீட்டுக்காரருக்காகப் பதில் எழுதுகிறவள் நான்தானே. "பையன் சௌக்கியம். உன்னை மறந்துவிட்டான். பஸ் வசதி சரியில்லை, அவசரப்பட்டு வர வேண்டாம்" என்று எழுதினேன்.

அவன் எங்கே மறந்தான்? அத்தைக்கு வேறு பேர் வைத்துவிட்டான், அவ்வளவுதான். முதலில் தன் தாடையைப் பிடிப்பான். பிறகு பஸ்காரன் கைப்பிடியைச் சுற்றுவதுபோல் கையைச் சுற்றுவான். அம்மா பஸ் ஏற்றி அனுப்பிய அத்தை. அவளைச் சொல்லும்போதெல்லாம் என்னையும் சேர்த்துச் சொன்னான். கோபமில்லை அவன் முகத்தில். கடலையைக் கடலை என்பதுபோல் சொன்னான். ஒரு பேரை மாற்றப் பார்த்து நான் பட்ட பாடு போதாதா? இதை நான் தொடவில்லை.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொறாமைப்பட்டேன் சாமி" என்றேன். யார்மேல், என்ன செய்தாய் என்று சாமியார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை பெரிய வாய்க்காரி ஒரே வார்த்தையில் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தத் திருவிழாவுக்குத்தான், சொல்லாமல் கொள்ளாமல், நாத்தனார் கைப்பிள்ளையோடு வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். வாசலில் தகரப்பெட்டியை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மகன் ஓடிவந்து அவள் முன்னால் நின்றான். அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, பயந்து பயந்து மூக்கோரத்தைத் தொட்டாள். நான்தான், தெரிகிறதா என்று கேட்கிறாள். அவன் பலமாகத் தலையாட்டினான். பிறகு தாடையைப் பிடித்தான், கையைச் சுற்றினான், அவளைக் காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி சொல்றான்?"

எத்தனை வருடம் நான் அவளிடம் கேட்ட கேள்வி! என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்தச் சுகம் பதில் சொல்ல வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

"பஸ்ஸுலயா வந்தேன்னு கேக்குறான்."

மகன் மறுபடியும், இன்னும் நிதானமாக, முதலிலிருந்து சொல்லிக்காட்டினான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாவாக்கட்டையப் புடிக்கிறானே அண்ணி. அது நீங்கள்ல?"

அந்தப் பாஷையை அவனோடு சேர்ந்து உண்டாக்கியதே அவள்தான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அவள் காத்திருந்தாள். என் தாடையை நானே இறுக்கிப் பிடித்தேன். கையைச் சுற்றினேன். அவளைக் காட்டினேன்.

அவள் மூக்கோரத்தைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினாள். என்னையா சொல்கிறான்? நான் தலையாட்டினேன்.

"மறந்துட்டான்னு எழுதுனீங்களே?"

உள்ளங்கையால் காற்றைத் துடைத்தேன். இல்லை.

அவள் தகரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. மகன் எங்கள் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்தான். தன் பேச்சை இத்தனை பேர் பேசி அவன் பார்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல் எங்கள் நடுவில் குதித்துக்கொண்டிருந்தான்.