நிலை உயரமான வீடு

திருவனந்தபுரத்தில் என் மனைவியின் கோரைப்பற்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. என் நெற்றித் திருநீற்றைத்தான் பார்க்கிறார்கள். ஓமனா ஏழடி உயர அரக்கி, பாசிப்பச்சை நிறம். பஸ்ஸில் அவளுக்குச் 'சேச்சி' என்று இடம் ஒதுக்கித் தரும் கண்டக்டர், டாக்டர் பட்டம் வாங்கிய என்னை 'அண்ணாச்சி, கேறி நில்லு' என்று உள்ளே நெட்டுகிறார். ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. இங்கே பிழைக்க வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூற்றெட்டில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, குப்புறக் கிடந்த ஒரு கல்வெட்டைப் படிக்க மூன்று நாள் நானும் குப்புறக் கிடந்தேன். விறகுக்கட்டோடு வந்தவள் ஒற்றைக் கையால் கல்லைப் புரட்டிவிட்டு, "என்ன எழுதியிருக்கு?" என்றாள். கோயில் விளக்குக்கு யாரோ ஆடு கொடுத்த கதை. "ஒரு ஆட்டுக்கா மூணு திவசம் இப்படிக் கிடந்தீங்க?" என்று அவள் சிரித்த சிரிப்பில் என் ஆராய்ச்சித் திமிர் தீர்ந்தது. காதலும் அன்றே வந்துவிட்டது. கட்டிக்கொள்ளும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: நிமிர்ந்து நடக்க ஒரு வீடு. கிடைக்காவிட்டால் மலைக்கே திரும்பிவிடுவாளாம்.

ஏழு வீடு பார்த்தோம். ஏழிலும் அவள் தலை நிலையில் இடித்தது. எட்டாவது, கரமனையில் ஒரு பழைய வீடு. யானை நுழையலாம், அத்தனை உயர நிலை. வீட்டுக்கார அம்மாள் ஓமனாவிடம், "மோளு எவிடத்தா?" என்றார்.

"போனக்காடு."

"ஓ, நம்மட ஆளு தன்னெ!" அப்புறம்தான் என் திருநீற்றைப் பார்த்தார்; தமிழனுக்கு இங்கே பெயர் பாண்டி. "இது ஆரு, பாண்டியோ? பாண்டிக்கு வீடு கொடுக்கூல."

"வேலைக்கு நிக்கண ஆளாணு சேச்சி," என்றாள் ஓமனா, கண் இமைக்காமல். சாவி கைமாறியது.

தெருவுக்கு வந்ததும் கோபத்தில் குதித்தேன். "ஏழு வீட்டுல நான் குனிஞ்சாச்சு. நீங்க ஒரு வீட்டுல குனிஞ்சா எந்தா?" என்றாள். அவமானமாக இருந்தது, அவள் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "பல்லு கெடக்கட்டும்ல. மலையாளத்துக்காரில்லா! மருந்து கிருந்து வச்சிட்டாளா?" நான் கூடத்துக்குத் திரும்பியபோது ஓமனா கழுத்தை மடக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி புடைத்திருந்தது.

கரமனை வீட்டில் அவள் நிமிர்ந்துதான் நடக்கிறாள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கேட் திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும், கையிலிருக்கும் புத்தகத்தை வைத்துவிட்டு நான் துடைப்பத்தைத் தேடுகிறேன்.