கைமாத்தும் கைமாற்றமும்

1. முதல் நாள் சண்டை

எழுபதுகளின் நடுவில், பாலக்காடு டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கல்பாத்தியில் பிறந்து, அரிவாள்மணையைத் தவிர வேறு ஆயுதம் பார்த்திராத பெண்ணுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதவர்கள் இல்லை. இங்கிலீஷ், மலையாளம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்திருந்தேன், கடைக்கு இரண்டும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். "யாராவது கேட்டா இரும்புக் கடைன்னு சொல்லு, போறும்" என்று அம்மா அனுப்பி வைத்தாள்.

போய் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ஒருவர் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டார். அவர் தன் துப்பாக்கியைச் சித்தப்பா மகனுக்கு விற்கிறார். கடைக்கு அதில் கொள்முதலும் இல்லை, விற்பனையும் இல்லை. லைசென்ஸ் உள்ள ஒருவரிடமிருந்து லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்குப் பேர் மாற்றித் தருவது மட்டும்தான். அதற்கு டிரான்ஸ்பர் என்று பெயர். அதற்குக் கடையில் கேட்ட பீஸ், எனக்குப் பேசியிருந்த மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி.

"ரெண்டு காயிதம் டைப் அடிக்கறதுக்கு இத்தனையாங்க? துப்பாக்கி என்ற துப்பாக்கி, வாங்கறது என்ற தம்பி. நடுவால உங்களுக்கு எதுக்குங்க?" என்றார் அவர்.

கடை முதலாளி வர்க்கி மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "பீஸ் அதாணு. வேண்டாமெங்கில் வேண்டா" என்றார், மலையாளத்தில். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. அந்த ரெண்டு காகிதத்தை டைப் அடிக்கப் போகிறவளே நான்தானே! எனக்குத் தெரியாதா, அது பத்து நிமிஷ வேலை என்று?

2. பத்து நிமிஷ வேலை

பத்து நிமிஷ வேலை என்ற நினைப்பு ஒரு வாரத்தில் போயிற்று. ஆனால் தெளிவு வந்ததா என்றால், இல்லை, குழப்பம்தான் கூடியது.

துப்பாக்கி முதலில் கடைக்கு வர வேண்டும். முதலாளி அதை மடக்கிப் பிரித்து, குழாயில் ஒரு நம்பர், அடியில் ஒரு நம்பர் என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பழைய துப்பாக்கிகளில் மூன்றா எட்டா என்றே தெரியாது. அந்த நம்பர் லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதற்கு ஒரு கடிதம். அப்புறம் கலெக்டர் கச்சேரிக்கு, அதாவது கலெக்டர் ஆபீசுக்கு, நோட்டீஸ், விற்பவரின் போலீஸ் ஸ்டேஷனுக்கு நகல், வாங்குபவரின் ஸ்டேஷனுக்கு நகல். ஆட்சேபணை வருகிறதா என்று காத்திருக்கும் நாட்களில் துப்பாக்கி கடையின் சங்கிலியில், கடையின் பொறுப்பில். வாங்குபவர் இடுக்கிக்காரராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த ஜில்லா பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன, அதன் கச்சேரியோ கோட்டயத்தில் இருந்தது. இடுக்கி என்று விலாசம் எழுதி நான் அனுப்பிய முதல் கவர் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

இதெல்லாம் சேர்த்துத்தான் பீஸ் போலிருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "தபால் செலவுக்கோ? தபாலுக்கு எவ்வளவு ஆகும் கோமதி?" என்று சிரித்தார். லென்ஸ் பார்ப்பதற்கா என்றேன். "அது அஞ்சு மினிட்டு." சங்கிலிக்கா? "சங்கிலி என் அப்பன் மேடிச்சது." அப்பா வாங்கியதாம். பின்னே எதற்கு? லென்ஸைத் துடைத்து உறையில் போட்டார். தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறாரா, அவருக்கே தெரியாதா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

3. நல்லேப்பிள்ளிக் கவுண்டர்

அடுத்த வருஷம், முதலாளி தோட்டா வாங்க எர்ணாகுளம் போயிருந்த ஒரு நாள், கடையில் நான் தனியாக இருந்தேன். கிழக்கே தமிழ் பேசும் ஊரான நல்லேப்பிள்ளியிலிருந்து ராமசாமிக் கவுண்டர் வந்தார். கோணியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, அவருடைய அப்பா காலத்தது. கூட வந்தவர் தேவசகாயம், இடுக்கியில் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்துவிட்டு, சொந்தமாக இரண்டு ஏக்கரில் ஏலக்காய் போட்டிருப்பவர். எஸ்டேட்டுக்குக் கவுண்டர் நெல் அனுப்பிய காலத்திலிருந்து இருவரும் சிநேகிதர்கள். தேவசகாயத்துக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் அவர் துப்பாக்கியின் குழாய் வெடித்துப்போய்விட்டது.

"பன்னி தோண்டிப் போட்டுட்டும்மா. ஒரு செடி மிச்சமில்ல. ராத்திரியெல்லாம் தகரத்தத் தட்டிக்கிட்டுக் கிடக்கோம்" என்றார் தேவசகாயம்.

"ஏனுங்க அம்மிணி, என்ற தோக்க இவருக்குக் கைமாத்துப் பண்ணிக் குடுக்கோணுங்க. வழியில போலீசு கேட்டா காட்டறதுக்கு ஒரு காயிதம் வேணுமில்லீங்க" என்றார் கவுண்டர். தோக்கு என்றால் எங்கள் பக்கத்தில் துப்பாக்கிதான்.

கைமாற்றம். மலையாளத்தில் டிரான்ஸ்பருக்கு அதுதான் கச்சேரிச் சொல். நான் நிரப்பும் பாரத்தின் தலைப்பே அதுதான். நான் சந்தோஷமாகக் கார்பன் வைத்தேன்.

"விலை எத்தனைன்னு போடட்டும்?"

"வெலையா? சிநேகிதங்கிட்ட யாராச்சும் வெலை வாங்குவாங்களா அம்மிணி? சும்மாதாங்க."

விலையில்லாமல், இனாமாக, என்று அடித்தேன். முழு சம்மதத்தோடுதானே என்று கேட்டேன். "சம்மதமில்லாமயா பஸ் ஏறி வந்திருக்கறன்?" என்றார். பீஸைச் சொன்னதும் மட்டும் மல்லுக்கு நின்றார். ஒரு கைமாத்துக்கு இவ்வளவா, அநியாயமாக இருக்கிறதே, பாதியாக்குங்கள் என்றார். முதலாளி இல்லாதபோது குறைக்க எனக்கு அதிகாரமில்லை என்றேன். முழுசாகக் கட்டினார். கடையின் பேரில் ரசீது கொடுத்தேன். இருவருக்கும் தமிழ்தான் படிக்கத் தெரியும், பாரம் மலையாளத்தில். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளி திரும்பி வந்து நம்பர்களைச் சரிபார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அனுமதி வந்து, தேவசகாயம் துப்பாக்கியை எடுத்துப்போனார்.

இங்கே என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுக்குக் காப்பிப்பொடி கொடுத்தால் அதற்குப் பேர் கைமாத்து. திரும்பி வரும். கவுண்டர் பேசிய தமிழிலும் அதேதான். அந்த வார்த்தை எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் என் காது மலையாளக் காதாகிவிடும் போலிருக்கிறது. அவர் இரவல் கொடுக்க வந்தார், நான் தானம் பண்ண வைத்தேன்.

4. "தோக்கு ஊட்டுலதான இருக்குது!"

ஏலக்காய் எடுத்து முடிந்ததும் தேவசகாயம் ஒழுங்கான மனுஷராகத் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கவுண்டர் வீட்டில் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார். கவுண்டரும் அதைப் பழைய இடத்தில் மாட்டிவைத்தார். சில மாதம் கழித்து லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது ஆபீசில், உங்களுக்குத்தான் துப்பாக்கியே இல்லையே, எதைப் புதுப்பிப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

"இல்லியா? தோக்கு ஊட்டுலதான இருக்குது! இப்பத்தான் எண்ணெய் போட்டுத் தொடச்சு வெச்சுட்டு வாரன்" என்றிருக்கிறார், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அன்றைக்கே போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப்போயிற்று. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாகக் கவுண்டர் மேல் கேஸ். கொடுத்ததற்காகத் தேவசகாயம் மேல் இன்னொன்று. மறுநாள் கவுண்டர் கடைக்கு வந்து நின்றார். முகம் கறுத்துக் கிடந்தது. "என்ற அப்பன் தோக்கு என்ற ஊட்டுல இருந்ததுக்கு என்னைய உள்ள போடுவாங்களாமா? நான் என்ன பண்ணீட்டனுங்க அம்மிணி?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் ஒன்றுமே விளங்கவில்லை. அவர் கொடுத்துவிட்ட துப்பாக்கி எப்படி அவர் வீட்டில்? மூன்று தடவை கேட்ட பிறகுதான், கைமாத்து என்றால் கைமாத்து என்று மண்டையில் ஏறியது. நகலை எடுத்துப் பார்த்தேன்: விலையில்லாமல், இனாமாக.

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தோக்குக்குக் கைமாத்து இல்லா. அது அறிஞ்சிருந்தா அன்னிக்கே திரிச்சு அனுப்பிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். துப்பாக்கியை இரவல் தர முடியாது, வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று அர்த்தம்.

5. யார் பிரதி

கச்சேரியில் டெபுடி கலெக்டர் முன்னால் விசாரணை. கேஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா, வேண்டாமா என்பது அவர் எழுதுகிற ரிப்போர்ட்டில் இருந்தது. கவுண்டர், தேவசகாயம், முதலாளி, நான். "நீ வாய் திறக்கண்டா, கேட்டோ" என்று முதலாளி படியிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்.

டெபுடி ஃபைலைப் புரட்டிவிட்டு, "இதில ஆரா பிரதி?" என்றார். குற்றவாளி யார் என்று அர்த்தம். கவுண்டர் தமிழர் அல்லவா, பவ்யமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பிரதி மூணு இருக்குதுங்க" என்று மூன்று கார்பன் நகல்களை எடுத்து நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை. டெபுடிக்குத் தன்னைக் கேலி செய்வதாகப் பட்டு முகம் சிவந்துவிட்டது.

முதலாளி முன்னால் வந்து எங்கள் கடை ரசீதை மேஜையில் வைத்தார். "பீஸ் மேடிச்சது ஞான். முழு பீஸும் மேடிச்சு. கேட்டு அறிஞ்சு எழுதேண்டதும் ஞான். பிரதி ஞானாணு சார்" என்றார். விசாரித்து எழுத வேண்டியது தன் வேலை, குற்றவாளி தான் என்று அர்த்தம். கடை லைசென்ஸ் போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

டெபுடி கவுண்டரைப் பார்த்து, கடையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

"இவருக்குக் கைமாத்துப் பண்ணோணும்னு சொன்னனுங்க."

டெபுடி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்: கைமாற்றம் செய்ய வேண்டும் என்று சொன்னதாக மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். பின்னே என்ன தகராறு என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நானும் இதையேதான் எழுதினேன்! நான் எழுதினதும் அவர் சொன்னது இல்லை, நீங்கள் எழுதினதும் அவர் சொன்னது இல்லை" என்று மலையாளத்தில் கத்திவிட்டேன். காப்பிப்பொடியைச் சொன்னேன். அரிசி, சர்க்கரை எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ்க்காரர் வீட்டில் கைமாத்து என்றால் திரும்பி வந்தே தீர வேண்டும், இவர் துப்பாக்கியைக் காப்பிப்பொடி மாதிரிதான் கொடுத்தார், தப்பு என் காதில் என்றேன். டெபுடி தான் எழுதியதை மறுபடி படித்தார். அப்புறம் அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

கேஸ் கோர்ட்டுக்குப் போகவில்லை. இருவருக்கும் எச்சரிக்கை, கடைக்கு எழுத்தில் கடுமையான எச்சரிக்கை. வெளியே வந்ததும் கவுண்டர், "அந்தப் பணத்துக்கு அன்னைக்கு இந்த அம்மிணிகூட மல்லுக்கட்டுனனுங்க. பாதியாக்கச் சொன்னன்" என்று தலையைச் சொறிந்தார்.

"பாதியாக்கியிருந்தா இன்னிக்கு ஞான் பாதிப் பிரதி ஆகியிருப்பேன். பாக்கிப் பாதி நீங்க" என்றார் முதலாளி.

கவுண்டர் மறுபடியும் நகல்களைப் பார்த்தார். "பாதிப் பிரதி எதுக்குங்க, முழுசாவே வெச்சுக்குங்க" என்றார். அப்போதுதான் நாங்கள் சிரித்தோம்.

6. திரும்ப

போலீஸ் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி கவுண்டர் பேருக்கு வர, முறைப்படி இன்னொரு டிரான்ஸ்பர் வேண்டும். லைசென்ஸுக்கும் முதலிலிருந்து மனு, கோட்டயத்துக்குக் கடிதம், ஸ்டேஷன்களுக்கு நகல். ஒரு வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷம் அவருடைய நிலக்கடலை முழுக்கப் பன்றிக்குப் போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பீஸ் வாங்கக் கூடாது, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். "உன் பணம் வேண்டா. பாதி அவங்க தரட்டும், பாதி கடை போடும். முழு ரசீது நம்ம பேரில" என்றார். சும்மா செய்துகொடுத்த வேலைக்கு நாளைக்கு யாரும் வந்து நம்மைப் பிடித்துக் கேட்க முடியாதாம். அந்தப் பொறுப்புக்குத்தான் பீஸாம். இதை முதல் வருஷமே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

கையெழுத்து நாளில் ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துச் சொன்னேன். கடைசியில், பாரத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். நான் அந்தக் கடையில் இருந்தவரை ஒருவரையும் விடாமல் கேட்ட கேள்வி, அன்றைக்குத்தான் முதல் தடவை. "அடுத்த வருஷம் இதே நாள் இந்தத் துப்பாக்கி யார் வீட்டில் இருக்கும்?" இந்த வேலைக்கு வருகிற இளையவர்கள் பாரத்தை நிரப்பும் முன்னால் இதைக் கேளுங்கள். வீட்டுப் பாஷையில் கேளுங்கள்.

"என்ற ஊட்டுலதானுங்க. இனி யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லிப்போடுவன்" என்றார் கவுண்டர். பக்கத்தில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். கவுண்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. "இவரே கேட்டாலும் சரிங்க."

"நான் கேக்க மாட்டேம்மா. எழுதிக்கிடுங்க" என்றார் தேவசகாயம்.

சரியான பதில்தான். சட்டப்படி இருவரும் சொல்ல வேண்டியதும் அதுதான். பாரத்தை மிஷினிலிருந்து உருவும்போது என் கண் நிறைந்துவிட்டது. சிநேகிதனிடம் யாராவது விலை வாங்குவார்களா என்று கேட்டவரை, சிநேகிதனுக்கே இல்லை என்று சொல்ல வைத்தவள் நான்தானே.