சங்குப்பூத் தாளும் கோகிலனின் மேடைப் பேச்சும்

வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஒருவருக்கு மாதச் சம்பளம் உண்டு என்றால் மலேசியாவின் பாகான் டாலாமில் யாரும் நம்பமாட்டார்கள். கோகிலனுக்கு உண்டு. ஃபெரி ஏறிப் போகிற எதிர்த் தீவில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கி, அவற்றைக் கம்பெனிகளுக்கு உரிமத்தில் கொடுக்கிற பிரிவில் அவன் அதிகாரி. "மனுப் போடும் வரை கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடாதீர்கள்" என்று புதிய ஆராய்ச்சியாளர்களுக்கு ஆண்டுதோறும் வகுப்பெடுப்பான். பேசாமலிருப்பதைப் பற்றி அவனளவுக்கு விரிவாகப் பேசக்கூடியவர் அந்த நிலையத்தில் வேறு எவரும் இல்லை.

அந்த வருடம் அவன் கையிலிருந்தவற்றில் உயர்ந்த சரக்கு டாக்டர் சுபாஷினியுடையது. சங்குப்பூச் சாயம் ஏற்றிய சிறு தாள். மீன் பெட்டிக்குள் ஒட்டிவிட்டால், மீன் கெடக் கெட நீலம் பச்சையாகிக் காட்டிக்கொடுக்கும். சங்குப்பூத் தண்ணீர் நிறம் மாறும் என்பது சந்தையில் குவே பலகாரம் விற்கிறவருக்கும் தெரியும். ஈரத்தில் சாயம் வெளுக்காமல் அதை நிறுத்துவதுதான் யாருக்கும் தெரியாதது. இரண்டு முறை கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு, ஒருவகைக் களிமண்ணையும் தவிட்டு மெழுகையும் சேர்த்துச் சூடாக்கி அவள் அதைச் சாதித்திருந்தாள். ஐரோப்பாவில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி, அங்கே காப்புரிமை உறுதியென்றால் உரிமம் எடுப்பதாகவும் ஆய்வுக்கூடச் செலவை ஏற்பதாகவும் சொல்லியிருந்தது. அது வந்தால்தான் சுபாஷினியின் வேலை ஒப்பந்தம் நீளும். மனு அடுத்த வாரம் தாக்கலாக வேண்டும்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கோயில் மண்டபத்தில் எஸ்பிஎம் பரீட்சையில் தேறிய மாணவர்களுக்குப் பரிசளிப்பு. செயலாளர் முனுசாமி, கோகிலனைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். நம் கூட்டங்களில் சிறப்பு விருந்தினருக்கு எழுதாத கடமை ஒன்று உண்டு. 'நம்ம ஆளுங்களால முடியும்' என்பதற்கு அவர் உயிருள்ள சாட்சி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். வழக்கமான சாட்சிகளான வக்கீல்களையும் டாக்டர்களையும் அவனுக்கு முன் பேசியவர்கள் தீர்த்துவிட்டார்கள். தோளில் பொன்னாடை, முன்வரிசையில் சுபாஷினியின் அம்மா வள்ளியம்மா. கோகிலனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"இந்தத் தெருப் பொண்ணு என்ன செஞ்சிருக்கா தெரியுமா? மண்டையில களிமண்ணுன்னு வாத்தியார் நம்மளத் திட்டுவாரே, அந்தக் களிமண்ண வச்சே வெள்ளக்காரனுக்கு மீனு பாக்கச் சொல்லித் தரா!"

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் ஒரு போதைப்பொருள். அதற்குத் தடை போட இன்னும் சட்டம் வரவில்லை. அடுத்த கைதட்டலுக்கு மெழுகைச் சொன்னான். அதற்கடுத்ததற்கு எவ்வளவு சூடு என்பதைச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை, பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் நின்றபோது வீடியோ வந்தது. கோயிலின் முகநூல் பக்கத்தில் நேரலையாகப் போயிருந்ததாம். தன் குரலைக் கேட்டால் எல்லாருக்கும்தான் கூசும். அவனுக்குக் குரலைவிட அது சொன்ன விஷயம் கூசியது. உடனே முனுசாமியைத் தொலைபேசியில் பிடித்தான்.

"அண்ணே, அந்த வீடியோவ எடுத்துடுங்க லா."

"ஏன் தம்பி? மூஞ்சி நல்லாத்தானே விழுந்திருக்கு," என்றார் முனுசாமி.

"மூஞ்சி இல்லண்ணே. பேசுனது."

"பேசுனதுதான் சூப்பரு. கேஎல்லேர்ந்து மச்சான் கூப்பிட்டு, யாருடா அந்தக் களிமண்ணு ஸ்பீக்கருன்னு கேக்குறான். எல்லா குரூப்லயும் போட்டாச்சு. ஒனக்கு ஒரு காப்பி தனியா அனுப்பவா?"

எடுத்தாலும் பயனில்லை என்பது கோகிலனுக்குத் தெரியும். அவனே வகுப்பில் சொல்வதுதான். மண்டபத்தில் சொன்னது ஊரறியச் சொன்னது. மனுவுக்கு முன் ஊரறிந்துவிட்டதற்குக் காப்புரிமை கிடையாது. மலேசியச் சட்டம் இப்படிப்பட்ட வாய்களை மனத்தில் வைத்து ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பா ஒரு நாள்கூடப் பொறுக்காது.

ஆனால், ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் காப்புரிமைப் பரிசோதகர் பாகான் டாலாம் கோயில் பக்கத்தைத் தேடிப்பிடித்துத் தமிழ் கேட்பாரா? முந்தின நாள்தான் 'தமிழ் உலகமெல்லாம் ஒலிக்க வேண்டும்' என்று முழங்கியிருந்தான். இப்போது அது எவருக்கும் எட்டாமலிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டான்.

அலுவலகத்தில் சுபாஷினி காத்திருந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணே. அம்மா இத்தன வருஷமா நான் ஏதோ துணிச்சாயம் போடுற ஃபேக்டரியில இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்காங்க. நேத்துதான் புரிஞ்சிச்சாம்."

"வீடியோ முழுசா பாத்தியா?"

"பாதிதான். அம்மா அழுதாங்க, நானும் அழுதுட்டேன்."

"மீதியில," என்றான் கோகிலன், மேசையைப் பார்த்துக்கொண்டு, "மெழுகையும் சொல்லிட்டேன்."

"சூடு?"

"அதையும்."

அவளுக்கு விளக்கத் தேவையில்லை. அவன் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாரும் சொல்லலன்னா?"

ஃபெரியில் அவன் நினைத்ததும் இதேதான். அவள் கேட்டபோதுதான் அதன் நாற்றம் அவனுக்கு உறைத்தது. நேர்மையான ஒரு பெண்ணை ஒரே நாளில் இந்தக் கேள்வி வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

"நாளைக்கு எவனாச்சும் கண்டுபிடிச்சா, ஏமாத்துனது நீன்னு ஆயிடும்மா. ஒன் பேருதானே அதுல இருக்கு."

அவளை எதிரில் வைத்துக்கொண்டே கம்பெனிக்குத் தொலைபேசினான். பேசியது ஆராய்ச்சியாளர் இல்லை, அவரைப் பேச விடாமல் காக்க வேண்டிய நான்தான் என்றான். மறுமுனையிலிருந்த பெண்மணி இரண்டு முறை நன்றி சொன்னார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வாரக் கடைசிக்குள் கம்பெனி விலகியது. மலேசியாவுக்கு மட்டும் மனுப் போனது. சுபாஷினியின் ஒப்பந்தம் நீளவில்லை. செபராங் ஜெயாவில் ஒரு டியூஷன் மையத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கப் போனாள்.

போகும் முன் ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. அவங்களுக்கு அந்த ஒரு நாளாச்சும் இருக்கட்டும்."

அதனால்தான், ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் வள்ளியம்மா அவன் கைகளைப் பிடித்துக்கொண்டபோது அவனால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

"கொன்ட்ராக்க நீட்டலயாம் தம்பி. எல்லாம் பொறாமை. அந்த எடத்துல எம் பொண்ணப் பத்தி நாலு பேரு முன்னால நல்லவிதமா பேசுனது நீங்க ஒருத்தருதான். நீங்க நல்லா இருக்கணும்."

கோகிலன் நின்றான். அவள் அவனுடைய பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வாழ்த்தினாள்.