உப்புத் தண்ணீருக்கு உப்புப் போட்டேன்

“கேட்டுட்டா உடனே சொல்லிறணுமா? ஒனக்குக் கல்யாணம் எப்பன்னு நான் கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற. என் கதை மட்டும் ஒனக்குச் சுடச்சுட வேணும். மலையில கெடந்த கெழவி கடல் மீனுக்கு ஆயா வேலை பார்த்தாளாம்னு லயத்துல இருக்கிற வரிசை வீடெல்லாம் சிரிச்சு முடிச்சிருச்சு. நீ வேற தனியா சிரிக்கணுமா?”

இப்படித் திட்டினால் என் பேத்தி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல, அவள் என் பேச்சுக்குச் சட்டை மாட்டி, தலை சீவி எழுதுகிறாள். சரி, எழுதட்டும்.

பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தேன். கூடையை இறக்கி வைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், ஒரு துணிக்கடை முதலாளி வீட்டில் சமைக்கவும் கூட்டவும் சேர்ந்தேன். முஸ்லிம் வீடு. கீழே கடை, மேலே குடியிருப்பு. பிள்ளைகள் இல்லை.

முதலாளி தங்கமான மனுஷன்தான். ஆனால் ஒரு கிறுக்கு இருந்தது. மேல் ஹாலில் கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து அதில் கடல் வளர்த்தார். மீனை மட்டும் சொல்லவில்லை, கடலையே வளர்த்தார். கொழும்பிலிருந்து பெட்டியில் கல் வரும். கடை லொறி பொத்துவில் பக்கம் போனால், திரும்பும்போது கேன் கேனாகக் கடல் தண்ணீர் வரும். தொட்டிக்குள் நீல வெளிச்சம், நுரை, காற்று, அலைகூட உண்டு. என்னை மட்டும் கிட்ட விடமாட்டார்.

“ஆச்சி, ஒங்கட கூட்டுற தும்புத்தடி அந்தப் பக்கம் வரப்படாது” என்பார்.

“வந்தா மீனு தும்முமாங்க?” என்பேன். சிரிப்பார்.

ஒருநாள் கடையில் துணி அளந்துகொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். அவர் மனைவி, நான் அம்மா என்று கூப்பிடுபவர், இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் போனால் அவர்கள் வழக்கப்படி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். சொந்தமில்லாத ஆம்பிளை முன்னால் வரக் கூடாது. கொழுந்தன், மச்சான்கூட மாடிப்படியோடு சரி.

அங்கேதான் கடலுக்குக் கேடு வந்தது. மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ஓர் ஆள் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவான். அம்மா நாள் முழுவதும் இருக்கும் ஹாலில்தான் தொட்டி. அவன் எப்படி வருவான்? ஒன்றரை மாதத்தில் கண்ணாடி பாசி பிடித்துப் பச்சைக் கம்பளியாகிவிட்டது. தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அள்ளிப் போட்டது நான்தான். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆரஞ்சு நிறம், மூன்று வெள்ளைப் பட்டி, விரல் நீளம்.

முதலாளியின் அண்ணன், அம்மா ‘நானா’ என்று கூப்பிடுபவர், மாடிப்படியில் நின்றபடி சத்தம் போட்டார்.

“அந்த நாத்தத்தத் தூக்கி வெளிய போடுங்க! ஹோல்ல துணி மூட்டையாச்சும் அடுக்கலாம்.”

அம்மா கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னார். அவர்கள் பேச்சில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கு’. “ஒரு மீன் ஈக்கு. அவர்ர கையால திண்ட மீன்.”

அண்ணன் ஒரு படி கீழே இறங்கி நின்றார். பிறகு அவர், “சரி. இத்தா முடியிற அண்டைக்கு நான் மேல வருவேன். மீன் உசிரோட ஈந்தா தொட்டி ஈக்கட்டும். இல்லாட்டி அண்டைக்கே தூக்கிருவேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மா என்னைப் பார்த்தார். “ஆச்சி, ஒங்களுக்கு ஏலுமா?”

“அஞ்சு புள்ளைய வளர்த்தவ, ஒரு மீன வளர்க்க மாட்டேனா?” என்றேன்.

வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் ஓடும். பிள்ளை பசித்தால் அழும். மீன் அழுதால் தண்ணீருக்குள் யாருக்குத் தெரியும்?

முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாளி, தேங்காய்த் தும்பு, சவுக்காரத் தூள் எல்லாவற்றோடும் போய், பாசி பிடித்த ஒரு கல்லை வெளியே எடுத்துத் தேய்க்கலாம் என்று கையை நீட்டினேன். கல்லில் இருந்த ஓட்டையிலிருந்து ஒரு பூ விரிந்திருந்தது. என் கை நிழல் பட்டதும் படக்கென்று உள்ளே ஓடிவிட்டது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்தோம்.

“அம்மா! கல்லுக்கு உசிரு இருக்கு!”

அம்மா ஓடி வந்து பார்த்தது என்னை அல்ல, என் கையில் இருந்த சவுக்காரத்தை. “யா அல்லாஹ், அதப் போட்டீங்களா?”

“போடலைங்க. அதுக்குள்ள கல்லு முழிச்சிருச்சு.”

எங்கள் தோட்டத்தில் கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம். இத்தனை வருஷத்தில் ஒரு கல்லாவது என்னைப் பார்த்து அசைந்ததில்லை. இங்கே கும்பிடாத கல் அசைகிறது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு கொழும்பு ஆள் போனில், அது பவளக் கல், உயிருள்ளதுதான் என்று பாடம் சொன்னான். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு செய்தேன். மோட்டாரைக் கழற்றிக் கழுவினேன். அழுக்குப் பஞ்சை மாற்றினேன். கண்ணாடியைச் சுரண்டினேன். எல்லாம் கைவேலை, வந்துவிட்டது. ஒன்றுதான் புரியவில்லை. குறைந்த தண்ணீருக்குக் கேனில் இருந்த கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் கத்தினான்.

“ஆச்சி, நல்ல தண்ணி ஊத்துங்க! வடிகட்டின நல்ல தண்ணி!”

“கடலுக்கு எதுக்குப்பா நல்ல தண்ணி?”

“தண்ணிதான் ஆவியாப் போகும். உப்பு உள்ளயே நிக்கும்.”

ஓகோ என்றேன். அடுப்பில் குழம்பு வற்றினால் உப்புக் கரிக்கும் அல்லவா? மேலும் உப்புத் தண்ணீரா ஊற்றுவோம்? இதைச் சொல்ல அவன் எதற்கு, என் மாமியாரே போதும். அதிலிருந்து தினமும் காலையில் ஊசி ஆடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டித் தண்ணீரை அள்ளி, உப்பு எவ்வளவு என்று பார்த்து, நல்ல தண்ணீர் விட்டேன்.

மெதுவாகக் கடல் தெளிந்தது. செத்தது என்று நினைத்த கல்லெல்லாம் ஊதாவும் பச்சையுமாகச் சட்டைப் பொத்தான் மாதிரி விரிந்தது. மீன் என் விரலைக் கண்டால் மேலே வந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார். பேசமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். இத்தா முடிய மூன்று வாரம்தான் பாக்கி. ஜெயித்துவிட்டேன் என்று லயத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பீற்றலில்தான் கண் பட்டது.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும் முன் தொட்டியின் மூடியைத் திறந்து தீனி போட்டேன். விளக்கை அணைத்துவிட்டிருந்தேன். அப்போது ஒரு கல் இடுக்கிலிருந்து செம்மண் நிறத்தில், நீளமாக, வழவழப்பாக ஒன்று வெளியே வந்தது. நீண்டது, சுருங்கியது, மீன் இருந்த பக்கம் ஊர்ந்தது.

அட்டை!

முப்பது வருஷம் மழையில் நின்று கொழுந்து பறித்தவளுக்கு அட்டையைக் கண்டால் யோசனை வராது, கைதான் வரும். காலில் சவுக்காரம் பூசிக்கொண்டு, மடியில் ஒரு முடிச்சு உப்பு கட்டிக்கொண்டுதான் மலை ஏறுவோம். உப்புப் பட்டால் அட்டை சுருண்டு விழும். என் கை குசினிக்கு ஓடியது, உப்புப் போத்தலைத் திறந்தது, ஒரு கைப்பிடி அள்ளி வந்து அதன் தலையில் போட்டது.

அது சாகவில்லை. சுருளக்கூட இல்லை. நின்று நிதானமாக உப்பைத் தாண்டிப் போனது.

உப்புக்குப் பயப்படாத அட்டை உலகத்தில் இருக்கிறதா? சரி, கையால் பிடுங்கி எறிவோம் என்று முழங்கை வரை விட்டுப் பிடித்தேன். நூறு முள் ஒரே நேரத்தில் விரலில் ஏறியது போல இருந்தது. நான் போட்ட கூச்சலில் கீழே கடையில் துணி கிழிப்பதை நிறுத்திவிட்டார்களாம். அம்மா வந்து என் விரலில் ஒட்டு டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்து முள்ளை எடுத்தார். கண்ணுக்கே தெரியாத வெள்ளை முள்.

கொழும்பு ஆளைக் கூப்பிட்டோம். முதலில் அவன் பேசவே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று பிறகுதான் புரிந்தது.

“ஆச்சி, அது உப்புத் தண்ணியில பொறந்த புழு. அதுக்கு உப்புப் போட்டா சாகுமா? அது நல்லதுதான், மிஞ்சின தீனியத் தின்னும். நீங்க போட்டதுதான் கெட்டது. உடனே குழாயால உறிஞ்சி உப்பக் கல்லு மேல இருந்து எடுங்க.”

குழாயின் ஒரு நுனியை உப்பின் மேல் வைத்து, மறு நுனியை வாயில் வைத்து இழுத்தேன். வாய் நிறைய வந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இந்த வயது வரை நான் கடலைக் கண்ணால் கண்டதில்லை. முதலில் குடித்தேன்.

விரல் வீக்கத்தோடு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அந்த அவசரத்தில் மூடியை மூடினேனா? வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

மறுநாள் மூடி மூடியிருந்தது. அப்பாடா என்றேன். ஆனால் மீனைக் காணவில்லை. கல்லுக்குப் பின்னால் பார்த்தேன், மோட்டாருக்குப் பின்னால் பார்த்தேன், விரலை ஆட்டினேன். வரவில்லை. பத்தொன்பது நாள் இருக்கும்போது நானே கொன்றுவிட்டேனா?

அம்மா காலைத் தேத்தண்ணியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “மீன் எங்க ஆச்சி?”

“இப்பத்தாங்க பார்த்தேன். நேத்து நடந்ததுல வெக்கப்பட்டுக்கிட்டு கல்லுக்குப் பின்னால ஒக்காந்திருக்கு.”

மறுநாளும் கேட்டார். “தீனி தின்னுச்சுங்க. ரொட்டி இல்லையான்னு கேட்டுச்சு” என்றேன். அடுத்த நாள், “அதுவும் ஒங்கள மாதிரி இத்தா இருக்குங்க. ஆம்பிளப் பேச்சுக் கேட்டா வெளிய வராது” என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலாளி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்படியே தினம் ஒரு பொய். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அடுத்த நாளைக்கான பொய்யைத் தயார் செய்வேன். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இத்தனை கதை கட்டியதில்லை.

இத்தா முடிந்த அன்று அண்ணன் மேலே வந்தார். கடையில் வேலை செய்யும் இரண்டு பேரைத் தூக்குவதற்குக் கூட்டி வந்திருந்தார். அம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு நின்றார்.

“மீன் எங்க?” என்றார் அண்ணன்.

“இப்பத்தாங்க பார்த்தேன்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“மீன் இல்ல நானா” என்றார் அம்மா. “அது மௌத்தாகி இருவது நாளாகப் போகுது.”

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“மூடி தொறந்து ஈந்திச்சு. பாய்ஞ்சு கீழ விழுந்திக்கு. விடியக்காலையில காஞ்சு போய்க் கெடந்துச்சு. நான்தான் மூடிய மூடினேன். பின்னுக்கு ரோசாத் தொட்டியில பொதச்சேன்.”

“அப்ப தெனம் என்கிட்ட மீன் எங்க, மீன் எங்கன்னு கேட்டீங்களே அம்மா?”

“நீங்க சொல்ற பொய்யக் கேக்கத்தான் ஆச்சி” என்றார். “எனக்கு விடியிறதே அதுக்காகத்தான் ஈந்திச்சு.”

இரண்டு கிழவிகள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு பத்தொன்பது நாள் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியைத் திறந்து போட்டது நான்தான். அந்த வீங்கிய விரலைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் கையைத் தட்டினார். “அப்ப பேச்சு முடிஞ்சு. தூக்குங்கடா.”

“தூக்க ஏலாது” என்றார் அம்மா. “மீன்தான் மௌத்து. கல்லெல்லாம் உசிரோட ஈக்கு.”

“கல்லுக்கு உசிரா? ஆச்சியோட சேந்து ஒங்களுக்கும் புத்தி கெட்டுட்டா?”

எனக்கு அப்போதுதான் வாய் திரும்பி வந்தது. “குனிஞ்சு பாருங்க மொதலாளி. கையக் கிட்ட கொண்டு போங்க. தொட வேணாம்.”

அவர் குனிந்து கையை நீட்டினார். ஓட்டையில் விரிந்திருந்த அந்தப் பூ படக்கென்று உள்ளே ஓடியது. மனுஷன் பின்னால் பாய்ந்து என் வாளிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். தூக்க வந்த இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அவர் நனைந்த காலை உதறிக்கொண்டு, இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பூ மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது. அவர் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட, படி இறங்கிப் போனார். துணி மூட்டை இன்றுவரை மேலே வரவில்லை.

அன்று மாலை பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது லயத்துப் பெண்கள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

“என்னாச்சு அக்கா, மீனு பொழைச்சுச்சா?”

“அது கெடந்து என்ன செய்யும்? மொதலாளியத் தேடிப் போயிருச்சு.”

“நீ வேற! அப்ப ஒன் வேலை?”

“கல்லு மேய்க்கிறேன். அதுங்க ஒங்கள மாதிரி கேள்வி கேக்காது.”

பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சிரித்தாள். “கடலக் கண்டிருக்கியா நீ? பேச வந்துட்டா.”

“கண்டதில்லடி, குடிச்சிருக்கேன்” என்றேன். “உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. நான்தான் நல்ல தண்ணி ஊத்திச் சரி பண்ணேன்.”